தாயகம் செண்பகனூர்

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரைத் தாயகமாகக் கொண்ட குச்சிப்பூச்சி ஒன்று, இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்களிலும் பள்ளி வகுப்பறைகளிலும் வளர்க்கப்படுகிறது. ‘கராசியஸ் மொரோசஸ்’ என்னும் இவ்வினத்தை 1901-ஆம் ஆண்டில் சினெட்டி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் விவரித்துப் பெயரிட்டார்.

பகலில் இது கால்களை நீட்டிக் காய்ந்த சுள்ளியைப்போல் அசையாதிருக்கும். இரவில் இலை தின்னும். ஆண்பூச்சி மிக அரிது. பெண்பூச்சி துணையின்றியே நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். அவற்றிலிருந்து பெரும்பாலும் பெண்குஞ்சுகளே வெளிவரும்.

வளர்ப்பதும் எளிது. காற்றோட்டமுள்ள வலைக்கூண்டு, பிளாக்பெர்ரி அல்லது ஐவி இலைகள், அவற்றின்மீது தெளிக்கச் சிறிது நீர் ஆகியவை போதும். தலைகீழாகத் தொங்கியே தோலுரிக்குமாதலால், கூண்டின் உயரம் பூச்சியின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருத்தல் வேண்டும். இடம் போதாவிடில் கால்கள் கோணிவிடும்.

கூண்டைத் தூய்மை செய்யும்போதுதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. துணை வேண்டாத இனமாதலால், கழிவோடு வெளியேறும் முட்டை ஒன்றே புதிய கூட்டத்தைத் தொடங்கிவிடும். கலிபோர்னியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய இப்பூச்சி, தோட்டங்களில் நிலைபெற்றுவிட்டது. ஆகவே, கழிவைச் சில நாள்கள் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்திருந்து, அதன்பின் அகற்றுவதே முறை. செண்பகனூரில் தீங்கற்ற இவ்வுயிர் அயல்நாட்டில் தோட்டப்பகையாகாமல் காப்பது வளர்ப்போரின் பொறுப்பாகும்.