மரியாதை என்பது அச்சமன்று

சிறுவர்களுக்கு நாம் ஓயாது வலியுறுத்தும் சொல் மரியாதை. எழுந்து நில், கைகட்டு, எதிர்த்துப் பேசாதே என்பனவே அதன் பொருளென அவர்கள் எண்ணுகின்றனர். வடமொழிவழி வந்த அச்சொல்லின் மூலப்பொருள் எல்லை. பிறருடைய எல்லையை மீறாதிருத்தலே மரியாதை. மதிப்பு என்னும் சொல்லோ ஒருவரின் பெறுமதியை உணர்தலைக் குறிக்கும். இரண்டிலும் அச்சத்துக்கு இடமில்லை.

1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களில் சிறுவரின் கருத்துக்கும் உரிய மதிப்பளிக்கப்பட வேண்டும் என்கின்றது. ஆயினும் பிரம்பைக் கண்டு அடங்கும் பிள்ளையையே மரியாதை தெரிந்த பிள்ளையென இன்றும் பாராட்டுகின்றோம். பிரம்பு அகன்றதும் அந்த மரியாதையும் அகன்றுவிடுகின்றது.

பிள்ளை பேசும்போது இடைமறிக்காது கேட்போம். நாம் தவறிழைத்தால் பிள்ளையிடமும் வருத்தம் தெரிவிப்போம். அச்சொல்லை விளக்க இதனிலும் சிறந்த வழி இருப்பதாக நாம் கருதவில்லை.