உஷார்! பழைய காருக்கு எல்இடி பல்பு மாட்டியிருக்கிறீர்களா?

பழைய கார் வைத்திருப்பவர்களே, இரவில் தருமபுரி பக்கம் வருவதாக இருந்தால் முதலில் உங்கள் ஹெட்லைட்டைப் பாருங்கள். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அதன் அடிச்சட்டத்தை வைத்தே இங்கிலாந்தில் 1962-ல் வந்த ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், நம்மூர் பத்மினி, அம்பாசடர் எல்லாவற்றுக்கும் 7 அங்குல வட்ட விளக்குதான். அளவு ஒன்றாக இருப்பதால் எதை வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தொப்பூர் கணவாய் எப்படிப்பட்ட இடம் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசம்பர் 12 அன்று கட்டுப்பாடு இழந்த லாரி அடுத்தடுத்து வாகனங்கள் மீது மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் நடந்த விபத்திலும் நான்கு உயிர்கள் போயின. அவை விளக்கால் நேர்ந்தவை அல்ல. ஆனால் வளைவு திரும்பியதும் வண்டிகள் தேங்கி நிற்கக்கூடிய சாலை அது. தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுச் சாலை இன்னும் மோசம். நடுவே தடுப்பு கிடையாது, எதிரே வருகிறவரின் முகத்துக்கு நேராக உங்கள் வெளிச்சம் அடிக்கும். பாலக்கோடு, அரூர் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கே இல்லாமல் போகும். கண் கூசிய ஓட்டுநருக்கு அது தெரியாது.

இந்தச் சாலைகளில் மிகப் பெரிய வில்லன், ஆன்லைனில் மலிவாக விற்கும் எல்இடி பல்பு. ஹெச்4 ஹாலஜன் பல்பில் டிப் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். ஒளி மேலே போகாமல் வெட்டுவது அதுதான். இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். எல்இடி சிப் அந்த இடத்திலிருந்து சிறிது தள்ளி உட்கார்ந்தாலும் ஒளி சிதறும். டிப் போட்டாலும் எதிரே வருகிறவருக்கு ஹைபீம் போலவே இருக்கும். நம் கண்ணுக்குப் பளீரென்று தெரிவது காருக்கு முன்னால் கொஞ்ச தூரம் மட்டுமே. மார்கழிப் பனியில் அந்த நீல வெள்ளை நம் கண்ணையே கூச வைக்கும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். அவற்றில் சாதாரண எல்இடி எரியாது, கருகியும் போகலாம்.

அடுத்த தப்பு, 100/90 வாட் பல்பு. 60 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும் என்றால், இவை ஹைபீமில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய டைனமோ மொத்தமாகத் தருவதே ஏறக்குறைய 22 ஆம்பியர். சுவிட்ச் உருகும், ஒயர் சூடேறும், ரிஃப்ளெக்டரில் ரசம் போகும். நடுக்கணவாயில் விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஸ்டைலான ஹெட்லைட் கண்ணாடி வரவழைப்பவர்களும் உஷார். அமெரிக்கா, ஐரோப்பாவுக்கான லென்ஸ் வலப்பக்கம் ஒளியைத் தூக்கும். நம் நாட்டில் எதிரே வண்டி வருவது அந்தப் பக்கம்தான். ஐரோப்பியத் தர முத்திரை உள்ள விளக்கானால், காருக்கு முன்னால் நின்று பாருங்கள்: வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி மட்டும் இருந்தால் அது நம் சாலைக்கானது. அம்பே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இழை, ரிஃப்ளெக்டர், கண்ணாடி மூன்றும் ஒன்றாக மூடப்பட்ட சீல்டு பீம் வைத்திருப்பவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை; வெளிச்சம் சற்றுக் குறைவு, இழை போனால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், இடப்பக்கப் போக்குவரத்துக்கான நல்ல லென்ஸ், 60/55 வாட் ஹெச்4 பல்பு, பேட்டரியிலிருந்து நேராகத் தனி பியூஸுடன் ரிலே: இதற்கு மேல் வேறெதுவும் வேண்டாம். பல பழைய கார்களில் விளக்கு மங்குவது பல்பால் அல்ல, ஒயரிங்கால். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். ரிலே போட்டுவிட்டுப் பாருங்கள், பழைய பல்பே புதிது போல் எரியும்.

மத்திய மோட்டார் வாகன விதி 106, எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கும் விளக்கைத் தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கிளம்புவதற்கு முன் சமதளத்தில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிப் போட்டுப் பாருங்கள். ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் மையத்தை விட சுமார் 7.5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடப்பக்கம் மட்டும் மேலேறலாம். அப்படி விழவில்லை என்றால் விளக்கின் கோணத்தை மாற்றும் திருகைச் சரிசெய்யாமல் இரவில் வண்டியை எடுக்காதீர்கள். எல்இடி பல்பு மாட்டியிருந்தால் தொப்பூர் வரும்வரை காத்திருக்காமல் இன்றே கழற்றிவிடுங்கள்.