டேப் தட்டினா 'கொடு' ஏன் வரல?

"நான் தப்பா அடிச்சிட்டேனா அண்ணா?" தாம்பரத்துல சனிக்கிழமை பைத்தான் கிளாஸ்ல ஒரு தங்கச்சி கேட்டா. 'கொடு'ன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. 'கொ' அடிச்சு டேப் தட்டினா, நான் எழுதின எடிட்டர் எதுவுமே காட்டல.

தப்பு என்னோடதுதான். யூனிகோட்ல 'கொ'வை ரெண்டு விதமா வைக்கலாம்: க-வும் ஒகரக் குறியும்னு ரெண்டு துண்டு, இல்லன்னா க, கொம்பு, கால்னு மூணு துண்டு. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பைத்தான் 3 பெயர்களை எப்பவும் முதல் வடிவத்துக்கு மாத்திடும். அவ கீபோர்டு அனுப்பினது ரெண்டாவது. என் எடிட்டர் அதை அப்படியே தேடியிருக்கு.

தேடுறதுக்கு முன்னாடி, அடிச்சதை 'என்எஃப்கேசி' வடிவத்துக்கு நார்மலைஸ் பண்ற ஒரு வரி சேர்த்தேன். 'கொடு' வந்துடுச்சு. அவகிட்ட சொன்னேன்: "நீ சரியாத்தான்மா அடிச்ச."