விடிந்ததும் தொட்டுப் பாருங்கள்!

சேவற்கொடியோன் குடிகொண்ட ஊர் திருத்தணி. ஆந்திர எல்லையை ஒட்டிய இந்தப் பக்கத்தில், கொல்லையில் நாலு கோழி வளர்க்கும் வீடுகள் உண்டு. ஒரு கோழி செத்தாலும் குடும்பத்துக்கு நஷ்டம்தான்.

கோழி தின்ற இரை முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் தங்கும். விடிவதற்குள் அந்தப் பை காலியாகிவிடும்.

காலையிலும் பை நிறைந்திருக்கிறதா? தொட்டால் தொளதொள என்று இருக்கிறதா? வாயில் புளித்த வாடை வீசுகிறதா? உள்ளே வெள்ளைப் படலம் தெரிகிறதா? பூஞ்சை நோயாக இருக்கலாம். பை கல் போல இறுகியிருந்தால், புல்லோ நூலோ அடைத்திருக்கலாம்.

காரணம் என்ன?

'கேண்டிடா' என்ற பூஞ்சைதான் காரணம். கைக்குழந்தையின் நாக்கில் வெண்மாவு போலப் படிவதும் இதுவே. கோழியின் குடலில் இது எப்போதும் கொஞ்சம் இருக்கும். நல்ல கிருமிகள் அதை அடக்கி வைக்கும். வைத்தியரைக் கேட்காமல் 'ஆன்டிபயாடிக்' மருந்தைப் பல நாள் கொடுத்தால் நல்ல கிருமிகள் அழியும், பூஞ்சை பெருகும். மருந்தே வினையாகிவிடும்! அழுக்குத் தண்ணீரும் கெட்டுப்போன தீவனமும் இந்நோய்க்கு இடம் கொடுக்கும்.

என்ன செய்வது?

நோயுற்ற கோழியைத் தனியே விடுங்கள். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். ஊசிப்போன சோற்றைப் போடாதீர்கள். தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்காதீர்கள். மூச்சுக்குழலில் நீர் புகுந்து கோழி செத்துவிடும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 'நிஸ்டாடின்' போன்ற பூஞ்சை மருந்துகள் உண்டு.

திருத்தணி மலைக்கு 365 படிகள்; நாளுக்கு ஒரு படி என்பார்கள். கோழி வளர்ப்போரும் 365 நாளும், இரை போடுமுன் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.