டார்ச்சின் தலை ஏன் பெரிதாக இருக்கிறது?

இணையக் கடை ஒன்றில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் டார்ச் லைட்டின் படத்தை அனுப்பி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இதில் 1,00,000 லூமன் என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா? அவ்வளவு வெளிச்சம் இருந்தால் எவ்வளவு தூரம் அடிக்கும்?" முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது: நம்பக் கூடாது. இரண்டாவது கேள்விதான் ருசியானது. டார்ச் சேகரிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுவது அந்தக் கேள்வியோடுதான்.

முதலில் பொய்யைக் கணக்குப் போட்டு ஒதுக்கிவிடலாம். அந்த டார்ச்சுக்குள் இருப்பது 18650 எனப்படும் ஒற்றை லித்தியம் அயனி செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல செல் என்றால் 3,500 மில்லி ஆம்பியர் மணி, 3.6 வோல்ட்; பெருக்கினால் 12.6 வாட் மணி. ஒரு வாட்டிலிருந்து கிடைக்கக்கூடிய உச்சபட்ச வெளிச்சம் 683 லூமன். அதுவும் 555 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு மட்டும், துளி நட்டமும் இல்லாமல். அந்த நடக்காத உச்சத்தை வைத்துக்கொண்டாலும் 1,00,000 லூமனுக்கு 146 வாட் வேண்டும். செல்லிலிருந்து 40 ஆம்பியர் பாய வேண்டும். 3,500 மில்லி ஆம்பியர் மணி செல்கள் பொதுவாக 10 ஆம்பியர் அளவுக்கே வடிவமைக்கப்படுகின்றன. நிஜமான வெள்ளை எல்.இ.டி.யை முடுக்கி ஓட்டினால் ஒரு வாட்டுக்கு 100 லூமனை ஒட்டிக் கிடைக்கும். அப்போது தேவை 1,000 வாட். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒற்றைச் செல்லுக்கு இது ஆகாத காரியம்.

லூமனையும் தூரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் இந்த வியாபாரம் பிழைக்கிறது. தோசை வார்ப்பதை நினைத்துப் பார்க்கலாம். கரண்டியில் அள்ளிய மாவுதான் லூமன். அதைக் கல்லில் எப்படி விடுகிறோம் என்பது வேறு சங்கதி. இழுக்காமல் விட்டால் ஊத்தப்பம். நடுவில் நல்ல கனம். அதே மாவைக் கல் முழுக்க இழுத்தால் பேப்பர் ரோஸ்ட். எல்லா இடத்திலும் மாவு, எங்கும் கனமில்லை. கனம்தான் வெளிச்சம் விழும் இடத்தின் லக்ஸ். தோசையின் விட்டத்தை இரு மடங்காக்கினால் கனம் நாலில் ஒன்றாகும். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாவதும் இதே கணக்குத்தான். ஊத்தப்பத்தின் நடுவில் திண்ணென்று நிற்கிற வட்டம் டார்ச்சின் ஹாட்ஸ்பாட். ஓரத்தில் மெல்லிதாகப் படர்ந்து முறுகுகிற விளிம்பு ஸ்பில். இன்னும் ஒரு படி போகலாம். மாவு எத்தனை கரண்டி இருந்தாலும், நீர்த்த மாவாக இருந்தால் குவித்து நிறுத்த முடியாது, வழிந்துவிடும். எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை மாவின் அளவு தீர்மானிப்பதில்லை, பதம்தான் தீர்மானிக்கிறது. டார்ச்சுக்கும் அப்படியொரு பதம் உண்டு.

நிஜமாகவே 1,00,000 லூமன் தரும் கை டார்ச் உலகில் இருக்கிறது. சீன நிறுவனமான இமாலென்ட்டின் எம்.எஸ்.18. அதில் 18 பெரிய எல்.இ.டி.கள், எட்டு செல்கள், சூட்டை வெளியேற்ற விசிறிகள். எடை இரண்டு கிலோவை ஒட்டி வரும். நிறுவனம் சொல்லும் வீச்சு 1,350 மீட்டர். ஏஸ்பீம் நிறுவனத்தின் டபிள்யூ30 டார்ச் தருவது 500 லூமன் மட்டுமே. அதற்குச் சொல்லப்படும் வீச்சு 2,400 மீட்டருக்கு மேல்! இருநூறில் ஒரு பங்கு வெளிச்சம், ஏறக்குறைய இரு மடங்கு தூரம்.

இது எப்படி என்று புரிந்துகொள்ள ஒரு சோதனை போதும். நடுவில் ஒற்றை மஞ்சள் எல்.இ.டி.யும் சுற்றிலும் வழவழப்பான கிண்ணம் போன்ற ரிஃப்ளெக்டரும் உள்ள டார்ச்சை எடுத்து, அணைத்த நிலையில் மேசையில் முகம் நம்மைப் பார்க்க நிறுத்தி வைக்க வேண்டும். டார்ச் அணைந்துதான் இருக்க வேண்டும். எரியும்போது நேராகப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. கிட்டே நின்று பார்த்தால் கிண்ணத்தில் மஞ்சள் துண்டு துண்டாக நெளியும். மீதி வெள்ளியாகத் தெரியும். ஒவ்வோர் அடியாகப் பின்னால் போகப் போக மஞ்சள் பரவும். சில அடிகள் தள்ளி, சரியாக நேர்கோட்டில் நின்றால் கிண்ணம் முழுவதும் விளிம்பு வரை மஞ்சளாகிவிடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள எல்.இ.டி.யின் முகம் கிண்ணத்தின் முழு வாய்க்கும் விரிந்துவிட்டது போல.

எரியும்போது நடப்பதும் இதுதான். தூரத்திலிருக்கும் மரம் அந்த டார்ச்சைப் "பார்த்தால்", அதற்குத் தெரிவது கிண்ணத்தின் வாயளவு பெரிதான ஓர் எல்.இ.டி. ஆனால் அந்தப் பெரிய முகத்தின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும், அசல் எல்.இ.டி.யின் ஒரு சதுர மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பிரகாசமாக இருக்கும். கொஞ்சம் குறையலாமே தவிர, கூடவே கூடாது. எந்தக் கண்ணாடியாலும் எந்த லென்ஸாலும் ஒளிமூலத்தின் பரப்புப் பிரகாசத்தைக் கூட்ட முடியாது. இயற்பியலின் கண்டிப்பான விதிகளில் இதுவும் ஒன்று. ஆகவே வீச்சைத் தீர்மானிப்பவை இரண்டே: எல்.இ.டி. முகத்தின் பரப்புப் பிரகாசம், கிண்ணத்தின் வாய்ப் பரப்பு. இரண்டையும் பெருக்கினால் கேண்டலா. அந்தப் பெருக்கலில் லூமன் வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாவின் பதம் என்றது இந்தப் பரப்புப் பிரகாசத்தைத்தான்.

எண்ணைப் போட்டுப் பார்த்தால் அழகு இன்னும் கூடும். எல்.இ.டி.யின் முகம் சதுர மில்லிமீட்டருக்கு 200 கேண்டலா என்று வைத்துக்கொள்வோம். இன்றைய நல்ல எல்.இ.டி.களுக்கு எட்டக்கூடிய அளவுதான். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாயின் பரப்பு 314 சதுர மில்லிமீட்டர், 62,800 கேண்டலா. டார்ச்சுகளுக்கான அமெரிக்கத் தர நிர்ணயமான ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 சொல்லும் வழிப்படி, கேண்டலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் வீச்சு வரும்: ஏறக்குறைய 500 மீட்டர். வாயை 40 மில்லிமீட்டராக்கினால் 2,51,000 கேண்டலா, 1,000 மீட்டர். கண்ணாடியில் உறிஞ்சப்படுவதும், நடுவில் எல்.இ.டி. மறைக்கிற இடமும் போக நிஜத்தில் சற்றுக் குறையும். ஆனால் விதி நிற்கும்: தலையின் விட்டம் எத்தனை மடங்கோ, வீச்சும் அத்தனை மடங்கு. "த்ரோயர்" என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் தூர டார்ச்சுகளுக்கெல்லாம் உடம்பு ஒல்லியாகவும் தலை பெரிதாகவும் இருப்பதற்கு வேறு காரணம் இல்லை. நம் ஊர் மூணு கட்டை டார்ச்சின் தலை அகலமாக இருந்ததும் இதற்காகத்தான். பல்பின் டங்ஸ்டன் இழை சதுர மில்லிமீட்டருக்கு 10 கேண்டலாவை ஒட்டித்தான் தந்தது. பதம் நீர்த்திருந்ததால் வாயை அகட்டி ஈடுகட்டினார்கள்.

பிறகு சேகரிப்பாளர்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். எல்.இ.டி.யின் மேல் சிறு குமிழ் மாதிரி சிலிக்கோன் மூடி இருக்கும். உள்ளே பிறக்கும் ஒளி மேற்பரப்பில் மோதித் திரும்பிவிடாமல் வெளியே வர உதவுவது அது. அதைக் கத்தியால் சீவியும், பெட்ரோலில் ஊறவைத்தும் பிய்த்தெடுத்தார்கள். மொத்த வெளிச்சம் குறைந்தது. ஐந்தில் ஒரு பங்கு வரைகூடப் போனது. ஆனால் வீச்சு கூடியது! காரணம், அந்தக் குமிழ் உருப்பெருக்கியாகவும் வேலை செய்துகொண்டிருந்தது. அதன் ஒளிவிலகல் எண் 1.4 முதல் 1.5 வரை. எனவே எல்.இ.டி.யின் முகம் நீளத்திலும் அகலத்திலும் அத்தனை மடங்கு பெரிதாக, பரப்பில் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும். வெளிச்சம் அந்தப் பெரிய பரப்பில் நீர்த்துப்போகும். குமிழ் போனதும் முகம் பாதியாகச் சுருங்கியது. வெளிச்சம் அந்த அளவுக்குக் குறையவில்லை. இரண்டையும் வகுத்தால் பரப்புப் பிரகாசம் ஒன்றரை மடங்குக்கு மேல்.

இதில் நிறமும் மாறியது. வெள்ளை எல்.இ.டி.க்குள் பிறப்பது நீல ஒளிதான்; மேலே உள்ள மஞ்சள் பாஸ்பர் பூச்சு அதில் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகிறது. குமிழ் போனபின், வெளியேற முடியாமல் உள்ளே திரும்பிய நீல ஒளி மறுபடியும் அந்தப் பூச்சில் பட்டு மஞ்சளாயிற்று. டார்ச்சின் வெள்ளை முன்னைவிட மஞ்சளாகத் தெரிந்தது. பிற்பாடு கிரீ, ஆஸ்ராம் போன்ற நிறுவனங்கள் குமிழே இல்லாத தட்டை எல்.இ.டி.களை விற்க ஆரம்பித்தன. இனி யாரும் பெட்ரோலைத் தொட வேண்டியதில்லை. டபிள்யூ30 மாதிரி டார்ச்சுகள் இதே வழியில் இன்னும் தூரம் போனவை. அவற்றில் நீல லேசர் கதிரை ஒரு பாஸ்பர் தகட்டின் மீது மிகச் சிறிய புள்ளியாக விழவைத்து, அந்தப் புள்ளியையே ஒளிமூலமாக வைத்திருக்கிறார்கள். புள்ளி சிறியது, பதம் மிகக் கெட்டி. அதனால்தான் 500 லூமனுக்கு அந்தத் தூரம்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவர் 1899 ஜனவரியில் காப்புரிமை பெற்ற குழல் வடிவ விளக்கும், அதைத் தயாரித்து விற்ற கான்ராட் ஹியூபர்ட்டின் நிறுவனமும்தான் இன்றைய டார்ச்சின் தொடக்கம். அந்த நிறுவனம் பின்னால் எவரெடி ஆயிற்று. அன்றைய கட்டைகளால் தொடர்ந்து எரியவிட முடியவில்லை. அமுக்கி அமுக்கித்தான் பார்க்க வேண்டும். ஏறக்குறைய நூறாண்டு இழை பல்பிலேயே கழிந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா 1990-களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கியதும் கதை மாறியது. அகசாகி, அமனோ ஆகியோருடன் அவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சேகரிப்பாளர்கள் என்றதும் கண்ணாடி அலமாரியில் செம்பு, டைட்டானியம் டார்ச்சுகளை அடுக்கி வைப்பவர்கள் நினைவுக்கு வரலாம். அவர்களும் உண்டு. மதிக்க வேண்டியவர்கள் அளந்து பார்ப்பவர்கள். சில மீட்டர் தள்ளி லக்ஸ் மீட்டரை வைத்து, ஹாட்ஸ்பாட்டின் அளவீட்டைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கேண்டலாவைக் கண்டுபிடிக்கிறார்கள். பி.வி.சி. குழாய்களை வளைத்து இணைத்து, ஒளி பல முறை சிதறி ஒரே சீராகும் குழலைச் செய்து, லூமன் தெரிந்த ஒரு டார்ச்சோடு ஒப்பிட்டு மற்றவற்றை அளக்கிறார்கள். செல்லைத் தராசில் வைக்கிறார்கள்: நல்ல 18650 செல் 45 கிராமுக்குக் குறையாது. '9,900 மில்லி ஆம்பியர் மணி' என்று அச்சிட்ட செல் அதைவிட இலேசாக இருந்தால் வேறு விசாரணை தேவையில்லை. அந்த அளவிலான செல் 4,000-ஐத் தொடுவதே பெரும்பாடு.

நேர்மையான நிறுவனங்களின் எண்களையும் அவர்கள் அப்படியே விழுங்குவதில்லை. எஃப்.எல்.1 தரத்தின்படி வீச்சு என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் தூரம். அது தெளிந்த வானில் முழுநிலவு தருகிற வெளிச்சத்தை ஒட்டியது. அங்கே நிற்பது ஆளா மாடா என்று அடையாளம் தெரியாது. பெட்டியில் போட்ட தூரத்தில் பாதியில்தான் 1 லக்ஸ் கிடைக்கும்; பயன்படுகிற தூரம் என்று அதை எடுத்துக்கொள்வது நல்லது. எரியும் நேரமும் அப்படியே: வெளிச்சம் தொடக்க அளவில் 10 சதவீதத்துக்கு இறங்கும் வரை ஓடுகிற நேரமெல்லாம் கணக்கில் சேரும். லூமனை அளப்பது எரியவிட்ட 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில். சிறிய டார்ச்சில் 'டர்போ' போட்டால் அதற்குப் பிறகுதான் சூடு ஏறி, கட்டுப்பாட்டுச் சுற்று வெளிச்சத்தை இறக்கத் தொடங்கும். தொடர்ந்து நிற்கிற லூமன் எவ்வளவு என்பதைப் பெட்டி பெரும்பாலும் சொல்லாது. நேரத்துக்கு எதிராக வெளிச்சத்தை வரைந்த வரைபடம்தான் சொல்லும்.

லூமன் வெறி கெடுத்த இன்னொன்று நிறம். நம் கண் பச்சைக்குக் கூர்மையானது, ஆழ்ந்த சிவப்புக்கு மந்தமானது. ஆகவே சிவப்பைக் குறைத்து, பச்சை சாய்ந்த நீல வெள்ளையாக எல்.இ.டி.யைச் செய்தால் அதே மின்சாரத்தில் லூமன் எண் ஏறும். அந்த வெளிச்சத்தில் நிறக் காட்டி எண்ணான சி.ஆர்.ஐ. 70 அளவில் நின்றுவிடும். காய்ந்த இலையும் செம்மண்ணும் மரப்பட்டையும் ஒரே சாம்பலாகத் தெரியும். சி.ஆர்.ஐ. 90-க்கு மேலுள்ள நிச்சியா 519ஏ போன்ற எல்.இ.டி.களுக்காக, லூமன் குறைந்தாலும் பரவாயில்லை என்று சேகரிப்பாளர்கள் பழையதைக் கழற்றி மாற்றுகிறார்கள். பலருக்கு இது வீண் ஆடம்பரமாகத் தோன்றும். அப்படி அல்ல.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது, பெரும்பாலோர் கிராமத்தினர். பழுப்புச் சருகின் மேல் பழுப்பாகச் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியனைப் பிரித்துக் காட்ட வேண்டிய டார்ச்சுக்கு, 1,000 மீட்டர் வீச்சு எதற்கும் உதவாது. குறுகிய ஹாட்ஸ்பாட் காலடிக்கு இருபுறமும் இருட்டை விட்டுவிடும். இரவில் வரப்பில் நடப்பவருக்கு வேண்டியது நான்கைந்து மீட்டருக்கு அகலமாகப் படரும் ஸ்பில், 4,000 கெல்வினை ஒட்டிய நிறம், 90-க்கு மேல் சி.ஆர்.ஐ. இவற்றோடு 150 லூமன் தாராளம். அந்த அளவில் ஓட்டினால் நல்ல 18650 செல் ஒன்று ஏறக்குறைய ஏழு மணி நேரம் தாங்கும்.