படிகக்கல் தூசியும் நுரையீரல் நோயும்

கோலார் தங்க வயலில் பொன், படிகக்கல் பாளங்களில் பொதிந்து கிடந்தது. படிகக்கல் என்பது சிலிகா என்னும் சேர்மமாகும். 2001-இல் சுரங்கங்கள் மூடப்படும்வரை, தமிழர் பலர் உள்ளிட்ட தொழிலாளர் அக்கல்லைத் துளையிட்டும் வெடிவைத்தும் உடைத்தனர். 1940-46 ஆண்டுகளில் நடந்த ஆய்வில், சோதிக்கப்பட்டவருள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் சிலிகோஸிஸ் என்னும் நுரையீரல் நோய் காணப்பட்டது.

கல்தூசி நோயாவது எவ்வாறு? ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கினும் சிறிய துகள்கள் நுரையீரலின் காற்றறைகளை எட்டுகின்றன. ஆங்குக் காவல் புரியும் உயிரணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. ஆயினும் செரிக்க இயலுவதில்லை. துகளால் உயிரணுவின் செரிமானப் பை கிழிகிறது. இச்சேதத்தை உணரும் புரதங்கள் ஒன்றுகூடி, காஸ்பேஸ்-1 என்னும் நொதியைத் தூண்டுகின்றன என்பது 2008-இல் தெளிவாயிற்று. அந்நொதி, செயலற்றிருக்கும் இன்டர்லூகின் என்னும் தூதுப்பொருளை வெட்டிச் செயற்படச் செய்கிறது, அழற்சி மூளுகிறது. உயிரணு மடிந்ததும் துகள் வெளிப்பட்டு, மற்றோர் உயிரணுவிற் புகுகிறது. இங்ஙனம் தொடரும் அழற்சியால் நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. தொழிலை விட்ட பின்னரும் நோய் வளரக்கூடும்.

இத்தழும்பை நீக்கும் மருந்து இல்லை. ஆகவே தூசியைப் பிறக்குமிடத்திலேயே தடுத்தல் வேண்டும். நீர் பாய்ச்சித் துளையிடுதல், நல்ல காற்றோட்டம், தக்க முகமூடி ஆகியவை இன்றைய கல் குவாரிகளுக்கும் ஜல்லி உடைக்கும் ஆலைகளுக்கும் பொருந்தும். நாட்பட்ட இருமலுடன் வருபவரிடம், முன்பு செய்த தொழில் யாது என்று கேட்டறிதல் களப்பணியாளரின் கடமையாகும்.