கணக்குக்கு எந்தத் தேதி?

தராசில் சரக்கு வைக்கும்போது எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். படி, வீசை, பலம் என்று ஊருக்கு ஊர் மாறிக் கிடந்த அளவுகளை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறைக்குள் கொண்டுவந்தது. நாம் சிட்டையில் எழுதும் தேதிக்கும் அப்படி ஒரு சட்ட அளவு உண்டு. அதைக் கவனிக்காத வியாபாரிக்கு வரவேண்டிய பணம் வராமலே போகலாம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. பருத்தியும் மல்லியும் மிளகாயும் காசாவது மாசி, பங்குனியில். ஆகவே நம் வாடிக்கையாளர் "மாசி கடைசியில தர்றேன் அண்ணாச்சி" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. நாமும் அப்படியே எழுதிக்கொள்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக ஓடுகிறது; ஜூலைத் தொடக்கத்தில் விலகி மெதுவாகச் செல்கிறது. அதனால்தான் மார்கழி 29 நாளிலும் முடிகிறது, ஆனி 32 நாள் வரையிலும் நீள்கிறது. சங்கராந்தி சூரிய அஸ்தமனத்துக்கு முன் வந்தால் அன்றே மாதப்பிறப்பு. பின் வந்தால் மறுநாள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில நேரம் ஒரு நாள் வேறுபடுவதும் உண்டு.

ஆண்டுப் பெயரிலும் இதே தொல்லை. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. 1876-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்றே நம் முன்னோர் சொன்னார்கள். அதே தாது 1936-லும் 1996-லும் திரும்ப வந்தது. வெறும் ‘தாது வருஷம்’ என்று மட்டும் எழுதிய பழைய பத்திரம் எந்தத் தாதுவைச் சொல்கிறது என்று யார் சாட்சி சொல்வது?

சட்டம் இதற்குத் தெளிவாக விடை வைத்திருக்கிறது. 1897-ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டப்படி மத்தியச் சட்டங்களில் மாதம், ஆண்டு என்றால் ஆங்கில மாதம், ஆங்கில ஆண்டுதான். வக்கீல்கள் லிமிடேஷன் என்று சொல்லும் 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. புரோநோட்டில் ‘ஐப்பசி 5 முதல் நான்கு மாதம்’ என்றிருந்தாலும், காலவரையறைக்கு அந்த நான்கும் ஆங்கில மாதங்களாகவே எண்ணப்படும்.

விற்ற சரக்கின் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் அவகாசம். தவணை குறித்திருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து. குறிக்காவிட்டால் சரக்குக் கொடுத்த நாளிலிருந்து. 10.10.2025-ல் தவணை குறிக்காமல் கொடுத்த சரக்குக்கு 10.10.2028 கடைசி நாள்.

வருமான வரியிலும் முன்பு சித்திரைக் கணக்கு, தீபாவளிக் கணக்கு என்று அவரவர் விருப்பப்படி ஆண்டு வைத்துக்கொள்ள முடிந்தது. 1989-90 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து எல்லோருக்கும் மார்ச் 31-தான் முடிவு.

கடிகாரமும் இப்படித்தான் ஓர் அளவுக்கு வந்தது. சென்னையில் 1792-ல் எழுந்த வானாய்வு நிலையத்தின் நேரப்படி ஒரு காலத்தில் ரயில்கள் ஓடின. 1.1.1906 முதல் இந்திய நேரம் வந்தபோது சென்னைக் கடிகாரம் ஒன்பது நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. நம் அருப்புக்கோட்டையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 18 நிமிட அளவில்தான். ஆனாலும் 12 மணி என்றால் நாடு முழுவதும் ஒரே 12 மணி.

இதனால் தமிழ்த் தேதியை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. திருச்சுழியில் 30.12.1879-ல் பிறந்த ரமண மகரிஷியின் ஜெயந்தி மார்கழிப் புனர்பூசத்தில்தான் நடக்கிறது. ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறுகிறது. வழிபாட்டுக்கு நட்சத்திரம், விதைப்புக்கு மாதம், கணக்குக்கு ஆங்கிலத் தேதி. அவ்வளவுதான்.

ஆகவே வியாபாரிகள் மூன்று காரியங்களை வழக்கமாக்கிக்கொள்வோம். ஒன்று, வாடிக்கையாளர் "மாசி கடைசி" என்றால், சிவகாசிக் காலண்டரைப் பார்த்து அதற்கு நேரான ஆங்கிலத் தேதியையும் பில்லில் எழுதுவோம். இரண்டு, ஆண்டுப் பெயரோடு ஆண்டு எண்ணையும் சேர்ப்போம். மூன்று, மூன்று ஆண்டு முடியுமுன் பாக்கியை ஒப்புக்கொண்டு தேதியுடன் கையெழுத்து வாங்குவோம். பகுதிப் பணம் வந்தாலும் கொடுத்தவர் கையெழுத்து வேண்டும். நம் பேரேட்டில் நாமே வரவு எழுதினால் புது அவகாசம் கிடைக்காது.

மழை பொய்த்த ஆண்டில் வாடிக்கையாளருக்குத் தவணை நீட்டிக் கொடுப்பது நம் வட்டார வழக்கம், அது தொடரட்டும். நீட்டிய தவணையைத் தேதி போட்டு எழுதிக்கொண்டால் அவரும் கெடமாட்டார், நம் முதலும் கெடாது.